சென்னையின் புதுக் கட்டடங்கள்: ஒரே ஒரு நாள் இருந்தால் எந்தப் பக்கம் போவது?

சென்னைக்கு வருகிறவர்களுக்குப் பழைய கட்டடங்களைக் காட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. கபாலீசுவரர் கோயில், புனித ஜார்ஜ் கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம் என்று ஆட்டோ ஓட்டுநரே அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுவார். சுதந்திரத்துக்குப் பிறகு எழுந்த நல்ல கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். "எந்த மாலுக்கு சார்?" என்று திருப்பிக் கேட்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பார்ப்பதற்கு இருக்கின்றன, பார்க்கும் வழிதான் ஒழுங்காக இல்லை.

காரணம் எளிது. இந்த நகரத்தில் பெரும் பொருட்செலவில், பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களை அழைத்து வந்து கட்டியவற்றில் பல, கம்பெனி வளாகங்கள். சிறுசேரி சிப்காட் பூங்காவில் எழுபது ஏக்கரில் பரந்திருக்கும் டி.சி.எஸ். வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் பஸ்தீய் ஓபரா அரங்கை வடிவமைத்த கார்லோஸ் ஓட்தான் இதற்கும் வடிவம் தந்தவர். நடுவே நீண்டு செல்லும் தண்டின் இரு பக்கமும் சிறகு விரித்த பட்டாம்பூச்சி வடிவில் கட்டடங்கள் நிற்கின்றன. மேலிருந்து எடுத்த படங்களில் பிரமாதமாக இருக்கும். நமக்குச் சிறகு இல்லை, கழுத்தில் அடையாள அட்டையும் இல்லை. வெயிலில் அவ்வளவு தூரம் போய்ச் சுற்றுச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விமான நிலையத்தின் கதையும் ஏறக்குறைய அதுதான். 2013இல் திறந்த கண்ணாடி முனையங்கள், அடிக்கடி கண்ணாடி விழுந்த செய்திகளால் ஊர் முழுக்கக் கேலிக்கு ஆளாயின. 2023 ஏப்ரலில் திறந்த புதிய முனையத்தில் கோலம், கோயில், புடவை என்று தமிழ் அடையாளங்களை அலங்காரமாகச் சேர்த்திருக்கிறார்கள். விமான டிக்கெட் இருந்தால் அரை மணி நேரம் முன்னதாகப் போய் நிதானமாகப் பார்க்கலாம். டிக்கெட் இல்லாமல் அதற்கென்றே போக அங்கே ஒன்றுமில்லை.

ஆகவே தேர்வுக்கு ஒரு அளவுகோல் வைத்துக்கொள்கிறேன்: சாதாரண ஆள் உள்ளே நுழைந்து, யாரும் முறைக்காமல், கொஞ்ச நேரம் உட்கார முடியுமா? ஒரு கட்டடத்தின் வெளிச்சம், ஒலி, காற்று, படிக்கட்டின் உயரம் இவையெல்லாம் உட்கார்ந்தால்தான் பிடிபடும். வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்வது அஞ்சலட்டை பார்ப்பதற்குச் சமம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்று பாதைகள் மிஞ்சுகின்றன. மெட்ரோவில் அண்ணா சாலை ஒன்று. பறக்கும் ரயிலில் கோட்டூர்புரமும் திருவான்மியூரும் இரண்டாவது. பஸ்ஸிலோ காரிலோ முட்டுக்காடு மூன்றாவது.

அண்ணா சாலை: பார்க்க நிறைய, நுழையக் கொஞ்சம்

மெட்ரோ வந்த பிறகு இந்தப் பாதை மிகவும் சுலபமாகிவிட்டது. சென்ட்ரலில் இறங்கினால், இரண்டு தடங்கள் சந்திக்கும் அந்த நிலத்தடி நிலையமே முதல் காட்சி. தரைக்குக் கீழே இவ்வளவு பெரிய கூடத்தைக் குடைய முடியும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு சொல்லியிருந்தால் சென்ட்ரல் வாசலில் இருந்த போர்ட்டர்கள் சிரித்திருப்பார்கள். அங்கிருந்து விமான நிலையம் செல்லும் தடத்தில் அடுத்த நிலையம் அரசினர் தோட்டம், அதற்கடுத்தது எல்.ஐ.சி.

எல்.ஐ.சி. கட்டடத்தைப் புதுக் கட்டடம் என்று சேர்ப்பது சிலருக்கு உறுத்தலாம். 1959இல் திறந்தது. ஆனால் சென்னை மேல்நோக்கி வளரத் தொடங்கியது இங்கேதான். எம்.சி.டி. சிதம்பரம் செட்டியார் தம் நிறுவனத்துக்காகத் தொடங்கிய வேலை, காப்பீட்டுத் துறை தேசியமயமானபோது அரசின் கைக்கு வந்தது. லண்டன்காரர்களான பிரவுனும் மவுலினும் வரைந்ததை முடித்துக் கொடுத்தவர் எல்.எம்.சிதாலே. 177 அடி உயரம் கொண்ட இது கொஞ்ச காலம் இந்தியாவிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. 1975இல் பெரும் தீ விபத்தையும் தாண்டி நிற்கிறது. ஊரிலிருந்து வந்தவர் இதன் மாடிகளை எண்ணிக்கொண்டிருக்க, "மாடிக்கு ஒரு ரூபாய் கட்டணம்" என்று ஒருவன் ஏமாற்றிப் பணம் பறித்த பழைய நகைச்சுவை உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். இன்று எண்ண நினைத்தாலும் முடியாது. அண்ணா சாலை நடைபாதையில் அண்ணாந்து நின்றால் பின்னால் வருகிறவர் இடித்துத் தள்ளிவிடுவார். உள்ளே அலுவலகம். பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அரசினர் தோட்டத்தில்தான் நேரம் செலவாகும். ஓமந்தூரார் வளாகத்தில், சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் சேர்ந்து இயங்குவதற்காக ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் வடிவமைத்த கட்டடம் இது. வட்ட வட்டமான முற்றங்கள், அவற்றை இணைக்கும் கட்டடத் தொடர், சட்டமன்றத்தின் மேல் ஒரு குவிமாடம். திராவிடக் கோயில் மரபை ஐரோப்பியக் கண்ணால் பார்த்து எழுதிய கட்டுரை போல இருக்கும்; சில வரிகள் அருமை, சில வரிகள் புரியாது. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தபோது குவிமாடம் முடிந்திருக்கவில்லை. கலை இயக்குநர் தோட்டா தரணி தற்காலிகமாக ஒரு குவிமாடத்தை அமைத்துக் கொடுத்தார். அந்த மாதமே சட்டமன்றம் அங்கே கூடியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பிவிட்டது. 2014 பிப்ரவரியில் இதே கட்டடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. பிறகு கொரோனா காலத்தில் இடைவெளிவிட்டு உட்காரக் கோட்டையில் இடம் போதாமல் சட்டமன்றம் வெளியே வந்தபோது, அது கூடியது பக்கத்திலிருக்கும் கலைவாணர் அரங்கில்! தனக்கென்று கட்டிய மண்டபத்தின் வாசல் வரை வந்துவிட்டு அடுத்த வீட்டில் தங்கிய விருந்தாளி.

இதன் உள்ளே போகலாமா என்று கேட்பார்கள். போக முடியும், போகக் கூடாது என்பது என் கருத்து. நோயாளியும் உடன் வந்தவரும் கவலையோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பது அழகில்லை. சாலையிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். வட்டங்களின் வளைவை அங்கிருந்தே ஓரளவு உணரலாம்.

இந்தப் பாதையில் உள்ளே விடுகிற ஒரே பெரிய இடம் வள்ளுவர் கோட்டம். மெட்ரோவிலிருந்து விலகி நுங்கம்பாக்கம் பக்கம் ஆட்டோவில் போக வேண்டும். கணபதி ஸ்தபதியின் வேலை, 1976இல் திறந்தது. திருவாரூர்த் தேரை மனத்தில் வைத்துச் செய்த கல் தேர், 1330 குறள்களையும் பொறித்த நடைவெளி, நடுவில் தூணே இல்லாத மாபெரும் அரங்கம். ஒரு காலத்தில் ஏரியாக இருந்த நிலத்தில் இவ்வளவு கல்லை நிறுத்தியிருக்கிறார்கள். கட்டடக்கலை படித்தவர்கள் சிலர் இதை நவீனக் கட்டடமாகவே ஏற்பதில்லை, பழைய கோயில் வேலையின் நகல் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேர் பழையது, தூணில்லாத அரங்கம் புதியது. இரண்டும் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்பதுதான் எழுபதுகளின் தமிழ்நாடு. அண்மையில் புதுப்பித்தும் இருக்கிறார்கள்.

மெட்ரோவில் இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் ஆலந்தூர் வரை போய் வாருங்கள். கிண்டியை விட்டு ரயில் கிளம்பியதும் கத்திப்பாரா மேம்பாலத்தின் சுழல்கள் கண்ணுக்குக் கீழே விரியும். 2008இல் திறந்த அந்தப் பாலத்தில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாத அழகு, ரயில் ஜன்னலில் உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

கோட்டூர்புரம்: என் ஓட்டு இதற்கே

பறக்கும் ரயிலைப் போக்குவரத்து வசதியாக மட்டும் நினைக்காதீர்கள். அந்த நிலையங்களே பார்க்க வேண்டியவை. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தொடங்கி, 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று மெதுவாக நீண்ட தடம். ஒவ்வொரு நிலையமும் அரண்மனை அளவுக்கு உயரமான கான்கிரீட் கூடம். கடைகள் வரும், அலுவலகங்கள் வரும் என்று கட்டினார்கள், வந்தவை புறாக்கள். தூசும் இருட்டும் உண்டு, சில இடங்களில் மின்படி நின்றே கிடக்கும். இருந்தாலும் மதிய நேரத்தில் திருமயிலை நிலையத்தின் கூடத்தில் மேலிருந்து சாய்ந்து விழும் வெளிச்சத்தைப் பார்த்தால், இதை ஒழுங்காகப் பராமரித்திருந்தால் நகரத்தின் பெருமையாக இருந்திருக்குமே என்று தோன்றும். டிக்கெட் ஐந்து பத்து ரூபாய். இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய கட்டடங்களை வேறு எங்கும் பார்க்க முடியாது. இருட்டிய பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த நிலையங்களில் தனியாக இறங்கிச் சுற்ற வேண்டாம்.

கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திறந்தது. எட்டு ஏக்கர் நிலம், ஒன்பது தளங்கள், மூன்று லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு, சுமார் 180 கோடி ரூபாய் செலவு. வடிவமைத்தது சென்னையின் சி.ஆர்.நாராயண ராவ் நிறுவனம். பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தங்கத் தரச்சான்று பெற்றது. இந்த எண்களையெல்லாம் மறந்துவிட்டு உள்ளே போங்கள். யார் நீ, எங்கிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. இந்த அளவுள்ள வேறு எந்தப் புதுக் கட்டடத்தைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

முகப்பின் உயர்ந்த கண்ணாடிச் சுவர்தான் முதலில் கண்ணில் படும். சென்னை வெயிலுக்குக் கண்ணாடி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பழைய மயிலாப்பூர் வீட்டில் திண்ணையும் தாழ்வாரமும் செய்த வேலையை இன்று குளிர்சாதனம் செய்கிறது, மின்கட்டணத்தை யாரோ கட்டுகிறார்கள். ஆனால் நூலகத்தில் அந்தக் கண்ணாடிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதன் பக்கத்தில் மேசை போட்டிருக்கும் இடங்களில் விளக்கின் உதவி இல்லாமலே படிக்க முடிகிறது. பழைய நூலகங்களின் மங்கிய குழல்விளக்குக்குப் பழகிய கண்ணுக்கு அது பெரிய விஷயம்.

தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்லி பிரிவும், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்கான பகுதியும் இருக்கின்றன. கட்டடத்தின் உண்மையான குடிமக்கள் இந்தச் சொந்தப் புத்தகக்காரர்கள்தான். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு. நடுவில் ஒரு செயற்கை மரம், அதன் அடியில் சம்மணம் போட்டுப் படிக்கும் பிள்ளைகள். இரண்டாம் தளத்தில் தமிழ் நூல்கள். மேலே போகப் போகக் கூட்டம் குறையும், ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கும். என் யோசனை: முதலில் மேல் தளங்களுக்கு மின்தூக்கியில் ஏறிவிடுங்கள், பிறகு ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்கி வாருங்கள். தளத்துக்குத் தளம் சத்தம் எப்படி மாறுகிறது என்பதைக் கேட்பதே இந்தக் கட்டடத்தைப் பார்ப்பது.

ஓமந்தூரார் கட்டடமும் இதுவும் ஒரே ஆட்சியில், ஒரே ஆண்டில், ஆறு மாத இடைவெளியில் திறந்தவை. 2011இல் இரண்டையும் மருத்துவமனை ஆக்கும் யோசனை வந்தது. நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அந்த ஆண்டு நவம்பரில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு நடந்தது, உயர்நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நூலகமாகவே தப்பியது. அதற்காக வழக்குப் போட்டவர்களைப் போலவே, கெடுபிடி இருந்த அந்த ஆண்டுகளிலும் தினமும் வந்து உட்கார்ந்து படித்தவர்களும் இதைக் காப்பாற்றினார்கள் என்று நினைக்கிறேன். புழங்குகிற கட்டடத்தின் மேல் கை வைப்பது கொஞ்சம் கடினம். இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் சென்னையின் சமகாலக் கட்டடக்கலையைப் பற்றிக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம். செய்வதும் எளிது: காலையில் அரசினர் தோட்டத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருக்கும் சிந்தாதிரிப்பேட்டை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரம்.

நூலகத்துக்குப் பிறகு மறுபடி ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் திருவான்மியூர். எதிரே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் வளாகமான டைடல் பார்க். 2000 ஜூலையில் வாஜ்பாய் திறந்துவைத்தது. பதின்மூன்று தளங்கள், 12.8 லட்சம் சதுர அடி. தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளின் பொருளாதாரத்தை மாற்றிய கட்டடம் என்பதில் சந்தேகமில்லை. கட்டடமாகப் பார்த்தால் சொல்ல அதிகமில்லை. பின்னால் ராஜீவ் காந்தி சாலை முழுக்க முளைத்த கண்ணாடிப் பெட்டிகளுக்கெல்லாம் அண்ணன். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டால் போதும்.

அங்கிருந்து ஆட்டோவில் நடனமும் இசையும் கற்பிக்கும் கலாக்ஷேத்திரா போகலாம். இங்கே பார்க்க வேண்டியது கூத்தம்பலம். கேரளக் கோயில்களில் கூடியாட்டம் என்ற பழைய நாடகக் கலைக்கென்று இருந்த அரங்க வடிவத்தை இருபதாம் நூற்றாண்டு மேடைக்குக் கொண்டுவந்தவர் டி.அப்புக்குட்டன் நாயர். தொழிலால் பொறியாளர், திருவனந்தபுரத்தில் கதகளிக்கும் கூடியாட்டத்துக்கும் மார்கி அமைப்பை உருவாக்கியவர். ஆட்டமும் தெரிந்த, பாரம் தாங்கும் கணக்கும் தெரிந்த ஆள் வரைந்த அரங்கம் எப்படி இருக்கும் என்பதற்கு இது சாட்சி. சரிந்திறங்கும் கூரை, அதன் அடியில் தனி மண்டபம் போல நிற்கும் மேடை. மரங்களுக்கு நடுவே வெளியிலிருந்து பார்ப்பதற்கும் அழகுதான். ஆனால் இதன் அருமை நிகழ்ச்சி நடக்கும்போதுதான் தெரியும். டிசம்பர் கடைசியில் தொடங்கும் கலாக்ஷேத்திராவின் ஆண்டு விழாவுக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதே இந்தக் கட்டடத்தைப் பார்க்கச் சரியான வழி. மற்ற நாள்களில், வகுப்புகள் நடக்கும் வளாகம் என்பதால், பார்வையாளர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். மாலையில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முட்டுக்காடு: வேறு விதமான பதில்

தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தக்ஷிணசித்ராவைச் சமகாலக் கட்டடக்கலைப் பட்டியலில் சேர்ப்பதா என்று தயங்குவார்கள். அங்கே நிற்பவை செட்டிநாட்டு வீடு, அக்ரகார வீடு, கேரளத்து மரவீடு, கர்நாடகத்து நெசவாளர் வீடு. நான் சேர்ப்பதற்குக் காரணம், அந்த வீடுகளை எங்கெங்கோ இடிபட இருந்த நிலையில் வாங்கி, கதவு கதவாக, தூண் தூணாகப் பெயர்த்து வந்து மறுபடி நிறுத்திய செயல். அது முழுக்க முழுக்க நம் காலத்து வேலை. 1996 டிசம்பரில் திறந்த இந்த வளாகத்தின் தொடக்க வடிவமைப்பு, செங்கல் வீடுகளுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. அதைத் தொடர்ந்து வளர்த்தவர் பென்னி குரியகோஸ். பேக்கர் இருந்த பக்கம் வெற்றுச் செங்கல்லும், வெயிலை வடிகட்டிக் காற்றை விடும் ஜாலிச் சுவரும் இல்லாமல் இருக்குமா?

ஆகவே கண்ணாடிக்குப் பதில் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் போக வேண்டிய இடம். மே மாதத்தில் செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் நின்றால், சாலையில் இருந்த வெக்கை அங்கே இல்லை என்பதை உடம்பே சொல்லும். குறை, தூரம். பாதி நாள் போய்விடும், நுழைவுக் கட்டணம் உண்டு, பஸ்ஸில் போய் வருவதற்குப் பொறுமை வேண்டும். இன்னொன்று, அங்கே யாரும் வாழவில்லை. என்னதான் இருந்தாலும் அது காட்சிக்கு வைத்த வீடு. நூலகத்தில் படித்துக்கொண்டே தூங்கிவிழும் பையனைப் போல ஒருவரும் அங்கே இருக்க மாட்டார்.

மெரினா நினைவிடங்களை விட்டுவிட்டேன் என்பார்கள். ஃபீனிக்ஸ் சிறகு விரித்த ஜெயலலிதா நினைவிடம் 2021இல் திறந்தது, நிலத்தடியில் அருங்காட்சியகத்தோடு அமைந்த கருணாநிதி நினைவிடம் 2024இல். மாலையில் கடற்கரைக்குப் போகிறவர்கள் எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள். அதற்கென்று ஒரு நாளின் நல்ல பகுதியைக் கொடுக்க வேண்டாம்.

இனி உங்கள் நிலைமையைப் பொறுத்தது. வயதானவர்களோடு வருகிறீர்கள் என்றால் மெட்ரோவும் வள்ளுவர் கோட்டமும். பறக்கும் ரயில் நிலையங்களின் படிகள் முழங்காலை மன்னிக்காது. நூலகத்துக்கு அவர்களை ஆட்டோவில் அழைத்துப் போங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முட்டுக்காட்டில் ஓடி விளையாட இடம் உண்டு. ஆனால் மழை நாளானால் நூலகத்தின் முதல் தளத்துக்கு ஈடில்லை. கட்டடக்கலை மாணவர்கள் முட்டுக்காட்டை முதலில் வைத்துக்கொள்ளலாம், கையில் குறிப்பேட்டோடு. மற்ற எல்லோருக்கும், காலையில் ஓமந்தூரார், பகல் முழுக்கக் கோட்டூர்புரம், மார்கழியாக இருந்தால் மாலையில் கூத்தம்பலம். உங்கள் ஒரு நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், தக்ஷிணசித்ராவுக்கு அன்று விடுமுறை.